'லே ஆஃப்' என்னும் ஆங்கிலத் தொடர்வினையின் பலபொருண்மையும் தமிழ்த் துணைவினைகளும்: வடசென்னைத் தொழில்வழக்கை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் பெருவழக்காக உள்ள 'லே ஆஃப்' என்னும் தொடர்வினை, ஓய்தல், விலகிநிற்றல், பகிர்ந்துவிடுதல், வரைந்து குறித்தல், வேலையிலிருந்து நிறுத்துதல் எனப் பல பொருள்களில் வழங்குகிறது. இவற்றுள் பெரும்பாலானவை சார்பினால் தெளிவு பெறுகின்றன. தொழிலாளர் பற்றிய பொருள் மட்டும் 'சிலகாலம் வேலை அளியாதிருத்தல்', 'வேலையை விட்டே நீக்குதல்' என இரண்டாகக் கிளைத்து, சார்பினாலும் பிரித்தறிய இயலாததாய் நிற்கிறது. இந்தியத் தொழிற்சட்டத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு உரிமைகளையும் கடமைகளையும் தோற்றுவிப்பவை. தமிழில் இச்சொல்லுக்கு வழங்கும் 'பணிநீக்கம்', 'தற்காலிகப் பணிநீக்கம்', 'ஆட்குறைப்பு' ஆகிய பெயர்ச்சொற்கள் அவ்வேறுபாட்டை மறைக்கின்றன. தமிழின் 'வை', 'விடு' என்னும் துணைவினைகளோ அதனை இயல்பாகவே காட்டவல்லவை. தொல்காப்பியத்தின் பலபொருளொருசொல் வகைப்பாட்டின் துணையுடன் இதனை விளக்கி, கலைச்சொல்லாக்கத்தில் துணைவினையின் பயன்பாட்டை இக்கட்டுரை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: தொடர்வினை, பலபொருளொருசொல், துணைவினை, கலைச்சொல்லாக்கம், தொழிற்சட்டத் தமிழ், வடசென்னை வழக்கு.

1. முன்னுரை

ஒரு வினையடியும் அதனையடுத்து வரும் சிறுசொல்லும் இணைந்து, தனித்தனி உறுப்புகளின் பொருளிலிருந்து வேறாகிய பொருளைத் தரும் அமைப்பை ஆங்கில இலக்கணத்தார் 'பிரேசல் வெர்ப்' என்பர். இக்கட்டுரையில் அது 'தொடர்வினை' எனப்படுகிறது. இவ்வமைப்பு தமிழுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதன்று. செக்கப், மேக்கப், பிக்கப், செட்டப், பில்டப், லாக்கப் என ஆங்கிலத் தொடர்வினைகளிலிருந்து வந்த பெயர்கள் தமிழ்ப் பேச்சில் நிலைபெற்றுவிட்டன.

இச்சொற்களுள் பெரும்பாலானவற்றின் பொருள்மயக்கம் நகைச்சுவையோடு முடிந்துவிடும். ஆனால், ஒருவருடைய ஊதியத்தையும் வேலையுரிமையையும் தீர்மானிக்கும் சொல்லில் மயக்கம் நேரும்போது அது இலக்கணச் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. 'லே ஆஃப்' அத்தகைய சொல். இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர், சாத்தாங்காடு, மணலி வழியாக எண்ணூர் வரை நீளும் வடசென்னைத் துறைமுக, தொழிற்பகுதி இச்சொல்லை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும். வாகன ஆலை, சக்கரப்பட்டை ஆலை, தீப்பெட்டி ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம், இரும்புச் சந்தை எனப் பலவகைப் பணியிடங்கள் இங்கு அடுத்தடுத்து அமைந்தவை. வருகைப்பதிவேட்டில் பெயருள்ள நிலைத்தொழிலாளியும், அன்றன்று வேலை தேடி வரும் சுமைதூக்கும் தொழிலாளியும் ஒரே சாலையில் நடக்கும் பகுதி இது.

2. ஆங்கிலத்தில் 'லே ஆஃப்'

'லே' என்பது 'லை' என்னும் தன்வினைக்குரிய பிறவினை. தமிழில் 'கிட' என்பதற்குக் 'கிடத்து' எவ்வாறோ அவ்வாறே அமைவது. 'ஆஃப்' என்பதன் அடிப்படைப் பொருள் விலகல். இடத்திலிருந்து விலகல், தொடர்பிலிருந்து விலகல், இயக்கத்திலிருந்து விலகல் என அது விரியும். எனவே 'லே ஆஃப்' என்பதன் உறுப்புப்பொருள் 'விலக்கிக் கிடத்துதல்' என்பதாகும்.

இவ்வுறுப்புப்பொருளிலிருந்து கிளைத்த வழக்குகள் பல. ஒரு பழக்கத்தையோ உணவையோ தவிர்த்தல் ஒன்று. ஒருவரைத் தொல்லைப்படுத்தாது விட்டுவிடுதல் மற்றொன்று. கால்பந்தாட்டத்தில் அருகிலுள்ள தோழருக்குப் பந்தை மெல்லத் தள்ளிக் கொடுப்பதும் இச்சொல்லால் குறிக்கப்படும். பந்தயம் ஏற்பவர் தம்மேல் குவிந்த இழப்பிடரைப் பிறர்மேல் பகிர்ந்துவிடுவதும் அதுவே. கடற்றொழிலில் கலம் கரையை அணுகாது விலகிநிற்பதையும், கடல்வரைபடத்தில் செல்திசையைக் கோடிட்டுக் குறிப்பதையும் இத்தொடர்வினை சுட்டும். கப்பல் கட்டுமிடத்தில் கலத்தின் வடிவக்கோடுகளைத் தளத்தின்மேல் முழு அளவில் வரைவதற்கும் இதே சொல் வழங்கும்.

வேலை தொடர்பான பொருள் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கில் தோன்றியது. வேலை குறைந்த பருவத்தில் ஆள்களைச் சிலகாலம் அனுப்பிவைத்து, வேலை பெருகியபின் மீண்டும் அழைத்தலே அதன் தொடக்கப் பொருள். 20ஆம் நூற்றாண்டின் போக்கில் அமெரிக்க ஆங்கிலத்தில் மீண்டும் அழைக்கும் எண்ணம் தேய்ந்தது. நிலையான வேலையிழப்பே முதற்பொருள் ஆயிற்று. பிரித்தானியச் சட்டவழக்கோ பழம்பொருளைப் பெரிதும் காத்துக்கொண்டது. அந்நாட்டின் 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்புரிமைச் சட்டத்தில் 'லே ஆஃப்' என்பது பணிஒப்பந்தம் தொடரும் நிலையில் வேலையும் ஊதியமும் கிடைக்காத காலத்தைக் குறிக்கும். நிலையான வேலையிழப்புக்கு அங்கு வேறு சொல் உண்டு. ஒரே மொழியின் இரு வட்டாரங்களில் ஒரே தொடர்வினை 'திரும்பி வருக' என்றும் 'இனி வாராதே' என்றும் பொருள்படும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

3. தொல்காப்பிய வகைப்பாடு தரும் வெளிச்சம்

தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருளொருசொல்லை இருவகையாகப் பகுக்கிறது: வினைவேறுபடூஉம் பலபொருளொருசொல், வினைவேறுபடாஅப் பலபொருளொருசொல். முன்னது, தான் கொள்ளும் வினையாலும், உடன்வரும் இனத்தாலும், சார்பாலும் பொருள் தெளியும். பின்னது அவ்வாறு தெளியாது. சொல்லுபவர் பொருளை வெளிப்படையாகக் கிளந்தே கூற வேண்டும். 'மா' என்னும் சொல் கொண்டு உரையாசிரியர்கள் இதனை விளக்குவர். பூத்தது என்னும் வினை வரின் அது மரம் என்பது தெளிவு. வீழ்ந்தது என்னும் வினை வரின் மரமும் ஆகலாம், விலங்கும் ஆகலாம். ஆகவே மாமரம் வீழ்ந்தது என விரித்துச் சொல்ல வேண்டும்.

இப்பகுப்பை 'லே ஆஃப்' என்பதற்குப் பொருத்தினால் சிக்கலின் இருப்பிடம் தெரியவரும். பந்து, பந்தயம், கடல்வரைபடம் ஆகியவை உடன்வருமிடத்து இனமும் சார்பும் பொருளை உணர்த்திவிடும். அங்கு அது வினைவேறுபடூஉம் சொல்லை ஒத்தது. தொழிலாளரைச் செயப்படுபொருளாகக் கொண்டவுடன் நிலை மாறுகிறது. இரு பொருளிலும் எழுவாய் நிறுவனமே, செயப்படுபொருள் தொழிலாளரே, இடம் ஆலையே, காரணம்கூடப் பெரும்பாலும் விற்பனைச் சரிவே. இனமும் சார்பும் ஒன்றாகவே இருத்தலின் அவை துணைசெய்வதில்லை. ஆக, இது வினைவேறுபடாஅச் சொல்லின் நிலை. தொல்காப்பியம் காட்டும் தீர்வும் இங்குப் பொருந்துவது: கிளந்து சொல்லல் வேண்டும். எதனைக் கிளந்து சொல்லுவது என்பதைச் சட்டத்தின் வரையறை காட்டுகிறது.

4. சட்டத்தில் சொல்லின் எல்லை

1947ஆம் ஆண்டுத் தொழில்தகராறுகள் சட்டத்தில் 'லே ஆஃப்' என்பதற்கான வரையறை 1953ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் ஆகியவற்றின் பற்றாக்குறை, இருப்புக் குவிதல், எந்திரப் பழுது முதலிய காரணங்களால், வருகைப்பதிவேட்டில் பெயருள்ள, ஆட்குறைப்புக்கு உள்ளாகாத தொழிலாளிக்கு வேலை அளிக்கத் தவறுதல், மறுத்தல் அல்லது இயலாதிருத்தல் என்பது அவ்வரையறையின் சாரம். ஆட்குறைப்புக்கு உள்ளாகாமை இவ்வரையறையின் உள்ளேயே ஓர் உறுப்பாக நிற்பது குறிப்பிடத்தக்கது. இச்சட்டத்தின்படி 'லே ஆஃப்' செய்யப்பட்டவர் வேலையிலிருந்து நீங்கியவர் அல்லர்.

இவ்வேறுபாட்டிலிருந்து கிளைக்கும் விளைவுகள் அன்றாட வாழ்வைத் தொடுபவை. குறித்த நேரத்தில் வேலைக்கு வந்து நின்ற தொழிலாளிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை தரப்படாவிடின் அந்நாளில் அவர் 'லே ஆஃப்' செய்யப்பட்டவராகக் கருதப்படுவார். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில் ஓராண்டு தொடர்பணி முடித்தவருக்கு, வார விடுமுறை நீங்கலாக, அடிப்படை ஊதியம், அகவிலைப்படி ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் 50 விழுக்காடு இழப்பீடு உண்டு. ஆனால், அவர் நாள்தோறும் ஒருமுறையேனும் பணிநேரத்தில் ஆலைக்கு வந்து தம் வருகையைக் காட்ட வேண்டும். காட்டாவிடின் இழப்பீட்டு உரிமை அற்றுப்போகும். அதே நிறுவனத்தின் வேறொரு பகுதியில் நிகழும் வேலைநிறுத்தம் காரணமாக வேலை இல்லாமற்போனாலும் இழப்பீடு இல்லை.

ஆட்குறைப்பின் கணக்கு வேறு. ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கீடான ஊதியம், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் ஆகியன அங்குத் தரப்பட வேண்டியவை. நாள்தோறும் வாயிலில் வந்து நிற்கும் கடமை அங்கு இல்லை.

இனி, ஆலை வாயிலில் ஒட்டப்பட்ட அறிவிப்பில் 'பணிநீக்கம்' என்ற சொல்லைக் காணும் தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். வேலை போயிற்று என்று கருதி அவர் மறுநாள் வாராதிருந்தால், அரைச்சம்பள உரிமையை இழக்கிறார். மறுதலையாக, ஆட்குறைப்பு அறிவிப்பைச் சிலநாள் ஓய்வு எனப் பிழைபட உணர்ந்தால், உரிய காலத்தில் கேட்க வேண்டியவற்றைக் கேளாது போகிறார். சொல்லின் பொருள் இங்கே சோற்றின் அளவாகிறது.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதனை உறுதிப்படுத்தும். நீலகிரியின் கோத்தகிரியைச் சார்ந்த கைர்பெட்டா தோட்டத்தின் ஒரு பிரிவு 1957இல் சில வாரம் மூடப்பட்டது. மேலாளர் தாக்கப்பட்டதையடுத்து நிகழ்ந்த மூடல் அது. அக்காலத்துக்கு 'லே ஆஃப்' இழப்பீடு உண்டா என்னும் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1960இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, அது 'லே ஆஃப்' அன்று, கதவடைப்பு என்று கொண்டு இழப்பீட்டை மறுத்தது. வேலை தர இயலாமையால் நேர்வது ஒன்று. தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு எதிர்நிலையாக முதலாளி கையாளும் கருவி மற்றொன்று என்பது தீர்ப்பின் அடிப்படை. வேலையின்றி இருந்த நாள்கள் மாறவில்லை. அவற்றுக்கு இடப்பட்ட பெயரே ஊதியத்தைத் தீர்மானித்தது.

2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் 'லே ஆஃப்', ஆட்குறைப்பு, மூடல் ஆகியவற்றைத் தனித்தனிக் கருத்தாக்கங்களாகவே கொள்கிறது. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள மற்றொரு நாடாகிய இலங்கையின் நிலை வேறுபட்டது. அந்நாட்டின் 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிலாளர் வேலைமுடிவுறுத்தற் சட்டம், தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ வேலை அளியாதிருத்தலை வேலை முடிவுறுத்தலுள் அடக்குகிறது. ஆகவே சென்னையில் எழுதப்படும் தமிழ்ச் சட்டவிளக்கத்தைக் கொழும்பிலோ, கொழும்பில் எழுதப்பட்டதைச் சென்னையிலோ அப்படியே எடுத்தாளுதல் பிழைக்கு இடந்தரும்.

5. தமிழில் வழங்கும் நிகர்ச்சொற்கள்

'பணிநீக்கம்' என்னும் சொல் ஆட்சித்தமிழில் ஒழுங்கு நடவடிக்கையின் விளைவைச் சுட்டுவதாக வேரூன்றியது. அச்சொல்லில் குற்றத்தின் சாயல் உண்டு. 2022ஆம் ஆண்டின் இறுதியிலும் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் பன்னாட்டுத் தகவல்தொழில்நுட்ப நிறுவனங்கள் பல்லாயிரவரை வேலையிலிருந்து அனுப்பிய செய்திகளில் தமிழ் ஊடகங்கள் 'பணிநீக்கம்', 'ஆட்குறைப்பு' ஆகிய இரண்டையும் வேறுபாடின்றி ஆண்டன. அச்செய்திகளின் ஆங்கில மூலம் 'லே ஆஃப்' என்பதாகும். அது நிலையான இழப்பைக் குறிக்கும் அமெரிக்க வழக்கு. அவ்விடத்தில் ஆட்குறைப்பு என்பதே பொருந்தும். ஆனால் இவ்வழக்குப் பரவியதன் விளைவாக, இந்தியச் சட்டத்தின் 'லே ஆஃப்' என்பதையும் அச்சொற்களாலேயே மொழிபெயர்க்கும் பழக்கம் வலுப்பெறுகிறது.

இதனை உணர்ந்தோர் 'தற்காலிகப் பணிநீக்கம்' என அடை சேர்ப்பர். அதுவும் முழுத்தீர்வாகாது. விசாரணை நிலுவையிலுள்ள ஊழியரைப் பணியிலிருந்து விலக்கிவைப்பதற்கும் அத்தொடரே தமிழ்நாட்டில் வழங்கிவருகிறது. குற்றச்சாட்டுக்கு உள்ளானவரும் மூலப்பொருள் வாராமையால் வேலையின்றி நிற்பவரும் ஒரே சொல்லுள் அடங்கிவிடுகின்றனர்.

'வேலைநிறுத்தம்', 'கதவடைப்பு' ஆகிய சொற்களுக்கு இத்தகைய மயக்கம் இல்லை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு எனக் கொள்ளலாம். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதனைத் தொடர்ந்து 1921 வரை பெரம்பூர்ப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தமும் கதவடைப்பும் மாறிமாறி நிகழ்ந்தன. பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் அக்காலத் தொழிலாளரிடையே பணியாற்றியவர்கள். போராட்ட மேடையிலும் இதழ்களிலும் மக்கள் நாவிலும் பயின்று அக்கருத்துகள் தமிழில் நிலைபெற்றன. 'லே ஆஃப்' பற்றிய சட்ட வரையறையோ 1953இல் வந்தது. அது போராட்டத்தின் பெயரன்று, கணக்கேட்டின் பெயர். எனவே அது ஆங்கில ஒலியோடே தங்கிவிட்டது.

6. 'வை', 'விடு': துணைவினை காட்டும் வேறுபாடு

ஆங்கிலத் தொடர்வினையில் பொருளை வரையறுக்கும் பணி சிறுசொல்லினுடையது. தமிழில் அதனையொத்த பணியைப் பெருமளவு வினையெச்சத்தை அடுத்துவரும் துணைவினை ஆற்றுகிறது. துணைவினைகள் காலத்தை மட்டுமன்றிச் செயலின் நிலையையும் பேசுவோரின் நோக்கையும் உணர்த்துவதை இ. அண்ணாமலை தமது 1985ஆம் ஆண்டு நூலிலும், தாமஸ் லேமன் 1989ஆம் ஆண்டு இலக்கண நூலிலும் விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

'நிறுத்து' என்னும் வினையைக் கொண்டு இதனைக் காணலாம்.

அ. வண்டியை நிறுத்தி வைத்தான்.
ஆ. வண்டியை நிறுத்தி விட்டான்.

முதல் தொடரில் நிறுத்தப்பட்ட நிலை பின்னொரு தேவைக்காகக் காக்கப்படுகிறது; வண்டி மீண்டும் ஓடும் என்னும் எதிர்நோக்கு உள்ளது. இரண்டாவது, செயல் முற்றுப்பெற்றதை மட்டும் அறிவிக்கிறது. மீட்சி பற்றி அது பேசுவதில்லை. எழுதிவை, எடுத்துவை, சொல்லிவை என வரும் தொடர்களிலும் பின்பயன் நோக்கிய இப்பொருளே அடிநாதம்.

இதனைத் தொழிற்களத்துக்குப் பொருத்துவோம்.

இ. நூறு பேருக்கு வேலை கொடுப்பதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.
ஈ. நூறு பேரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட எவரும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளார். 'தற்காலிக', 'நிரந்தர' என்னும் அடைகள் எதுவும் வாராமலேயே 'இ' தற்காலிகத்தையும் 'ஈ' முடிவையும் உணர்த்துகின்றன. வேறுபாடு இரண்டிடங்களில் அமைகிறது. ஒன்று துணைவினை. மற்றொன்று செயப்படுபொருள்: 'இ' தொடரில் நிறுத்தப்படுவது வேலையளிப்பு; 'ஈ' தொடரில் நிறுத்தப்படுவது ஆள். வேலை அளிக்கத் தவறுதல் என்று சட்டம் முயன்று வரையறுப்பதை 'இ' தொடர் எளிதாகச் சொல்லிவிடுகிறது.

இத்தொடர்கள் பெயராக்கம் பெறும்போதுதான் இழப்பு நேர்கிறது. நீக்கம், நிறுத்தம், குறைப்பு என்னும் தொழிற்பெயர்கள் துணைவினையை உதிர்த்துவிட்ட வடிவங்கள். செய்தவர் யார், நிலை தொடர்கிறதா முடிந்ததா என்பன அவற்றில் தெரிவதில்லை. 'வேலைநிறுத்தம்' என்பதில் நிறுத்துபவர் தொழிலாளி என்பது வழக்கினால் பெறப்படுவதேயன்றிச் சொல்லமைப்பால் பெறப்படுவதன்று.

7. தொழிற்பகுதிப் பேச்சுவழக்கு

ஆங்கிலத் தொடர்வினை தமிழ்ப் பேச்சில் நுழையும்போது பெயராகி, ஒரு தமிழ் வினையைத் துணைக்கொள்ளும். செக்கப் பண்ணுதல், மேக்கப் போடுதல், பில்டப் கொடுத்தல், பிரேக்டவுன் ஆதல் என்பன போல. 'லே ஆஃப்' என்பதும் இவ்வழியே 'லே ஆஃப் பண்ணுதல்', 'லே ஆஃப் கொடுத்தல்', 'லே ஆஃப் விடுதல்' என வழங்கும்.

இவற்றுள் 'விடுதல்' தனிக்கவனத்துக்குரியது. அது 'லீவு விடுதல்', 'பள்ளிக்கூடம் விடுதல்' என்பவற்றின் வாய்பாட்டில் அமைந்தது. விடுமுறை விட்டால் திரும்பி வருதல் உறுதி. எனவே 'லே ஆஃப் விட்டாங்க' என்பதில் மீட்சியின் குறிப்பு உண்டு. அதே 'விடு' துணைவினையாகி 'நிறுத்திவிட்டாங்க' என வரும்போது முடிவைக் குறிக்கிறது. பெயரைச் சார்ந்து முதல்வினையாக நிற்கும்போது தளர்த்தி விடுதல். எச்சத்தைச் சார்ந்து துணைவினையாக நிற்கும்போது முற்றுவித்தல். பலபொருண்மை தமிழ் வினைக்கும் உண்டு. ஆனால் தமிழில் அது தொடரில் நிற்கும் இடத்தால் தெளிவுபெறுகிறது.

'கிடப்பில் போடுதல்' என்னும் தொடரும் ஒப்புநோக்கத்தக்கது. 'லே' என்பதன் உறுப்புப்பொருளாகிய கிடத்தலே இதிலும் உள்ளது. சொல்லளவில் இதுவும் தற்காலிகமே; வழக்கிலோ மீண்டும் எடுக்கப்படாத கோப்பையே நினைவூட்டுகிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் 'லே ஆஃப்' அடைந்த பொருள்மாற்றத்தைத் தமிழ்த்தொடரும் தன்போக்கில் அடைந்திருக்கிறது. கிடத்தி வைக்கப்பட்டது மீண்டும் எழும் என்னும் நம்பிக்கை தளரும்போது சொல்லின் பொருளும் தளர்கிறது எனலாம்.

இத்தகைய பொருள்மங்கலைத் தவிர்க்க வேறு சொற்களும் தோன்றுவதுண்டு. 2019 செப்டம்பரில் வாகன விற்பனைச் சரிவையொட்டி எண்ணூர் அசோக் லேலண்ட் ஆலைக்கு 16 'வேலையில்லா நாள்கள்' அறிவிக்கப்பட்டன. அத்தொடரில் செய்தவர் இல்லை, நாளே எழுவாயாகிறது. அறிவிப்பின் பெயர் எதுவாயினும் தொழிலாளியின் உரிமை ஒப்பந்தத்தாலும் சட்ட வரையறையாலுமே அமையும் என்பதனால், பெயருக்கும் வரையறைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் சொல்லின் தேவை கூடுகிறது.

சொல்லின் எல்லைக்கு வெளியே நிற்போரும் இப்பகுதியில் உண்டு. சாத்தாங்காட்டில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் உருவாக்கிய இரும்பு, எஃகுச் சந்தை உள்ளது. தகடுகளும் கம்பிகளும் ஏற்றியிறக்கப்படும் இத்தகைய இடத்தில் அன்றாடக் கூலிக்குச் சுமைதூக்குபவருக்கு வண்டி வாராத நாள் 'லோடு இல்லை' என்பதோடு முடிகிறது. வருகைப்பதிவேட்டில் பெயரில்லாதவருக்கு 'லே ஆஃப்' என்னும் நிலையே இல்லை. தற்செயல் தொழிலாளரை இழப்பீட்டு விதி விலக்கிவிடுகிறது. துறைமுகத் தொழிலாளர் தொடர்பான 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த திட்டங்கள், பதிவுபெற்ற தொழிலாளி வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கு வருகைப்படி வழங்கின. கப்பல் வாராத நாளுக்கு ஒரு பெயரும் ஒரு தொகையும் இருந்தன. வண்டி வாராத நாளுக்கு இரண்டும் இல்லை. ஒரு சொல் யாரை உள்ளடக்குகிறது என்பதோடு யாரை வெளியே நிறுத்துகிறது என்பதும் பொருண்மையியலின் பாற்பட்டதே.

8. கலைச்சொல்லாக்கத்துக்கு ஒரு முன்மொழிவு

1946ஆம் ஆண்டுத் தொழில்நிறுவன நிலையாணைகள் சட்டம், சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளை ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் வாயிலருகே பலகையில் வைக்குமாறு பணித்தது. வடசென்னையில் அம்மொழி தமிழ். ஆகவே இது அகராதிக்கு மட்டுமுரிய சிக்கலன்று. பலகையில் எழுதப்படும் சொல்லின் சிக்கல்.

துணைவினையை உள்ளடக்கிய தொழிற்பெயர் தமிழுக்கு அயலானதன்று. 'ஒத்திவைப்பு' என்னும் சொல் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் நிலைபெற்றது. மீண்டும் கூடும் என்னும் பொருளை அதன் 'வைப்பு' சுமக்கிறது. அதே வாய்பாட்டில் 'நிறுத்திவைப்பு' அமையும். ஆயினும் 'வேலை நிறுத்திவைப்பு' எனக் கொள்ளின் 'வேலைநிறுத்தம்' என்பதோடு மயங்கும். வேலைநிறுத்தத்தால் நேரும் வேலையின்மைக்கு இழப்பீடு மறுக்கப்படும் சூழலில் இம்மயக்கம் தீங்கு பயப்பது. எனவே நிறுத்தப்படுவது வேலையன்று, வேலையளிப்பே என்பதனைக் கிளந்து கூறும் 'வேலையளிப்பு நிறுத்திவைப்பு' என்பது தக்கதாகும். அளிப்பவர் முதலாளி என்பது 'அளிப்பு' என்பதாலும், நிலை தற்காலிகமானது என்பது 'வைப்பு' என்பதாலும் பெறப்படும்.

இதன் நீளம் ஒரு குறையே. பேச்சில் 'லே ஆஃப்' என்பதே தொடரும். அதனை விலக்க வேண்டியதில்லை. அறிவிப்பிலும் சட்டமொழிபெயர்ப்பிலும் முதன்முறை முழுத்தொடரையும், பின்னர் 'நிறுத்திவைப்பு' என்னும் சுருக்கத்தையும் ஆளலாம். நிலையான இழப்புக்கு 'ஆட்குறைப்பு', ஒழுங்கு நடவடிக்கைக்குப் 'பணிநீக்கம்', முதலாளியின் எதிர்க்கருவிக்குக் 'கதவடைப்பு', நிறுவனத்தின் முடிவுக்கு 'மூடல்' எனப் பிறவற்றை அவற்றின் எல்லைக்குள் நிறுத்தினால் ஐந்து கருத்துகளுக்கு ஐந்து சொற்கள் அமையும்.

9. முடிவுரை

'லே ஆஃப்' என்பதன் பல பொருள்களுள் ஒன்று மட்டும் வினைவேறுபடாஅப் பலபொருளொருசொல்லின் நிலையை எய்தி, கிளந்து சொல்ல வேண்டியதாகிறது. அதனைத் தமிழில் தரும்போது ஆங்கிலச் சொல்லுக்குப் பெயர்ச்சொல் தேடும் முறை, இரு பொருளையும் ஒன்றாக்கிவிடுகிறது. தமிழ்ப் பேச்சோ 'நிறுத்திவைத்தார்கள்', 'நிறுத்திவிட்டார்கள்' எனத் துணைவினையால் அவற்றை முன்னரே பிரித்து வைத்திருக்கிறது. கலைச்சொல்லாக்குவோர் பெயர்ச்சொற்களின் பட்டியலோடு நில்லாது வினைத்தொடர்களையும் நோக்குதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, நாளை வாயிலில் வந்து நிற்க வேண்டுமா என்னும் இரு கேள்விகளுக்கும் விடை தரும் சொல்லே தொழிலாளிக்குப் பயன்படும் சொல். அவ்விடையைத் தரும் ஆற்றல் 'வை' என்னும் ஓரெழுத்தொருமொழிக்கு உண்டு.